எத்தனை மணிக்குத் தெரிஞ்சது?

வேலைத்தளம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினேன். ஷூ கம்பெனி, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, கல்லூரி ஆபீஸ் என்று இடம்தான் வேறு. கேட்டிருப்பது கிட்டத்தட்ட ஒன்றே: கீழே வேலை செய்பவர்களுக்கு நம்மைப் பிடிக்க வேண்டுமா, வேண்டாமா? நான் முப்பது வருஷம் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் இருந்தவள். டேபிளில் ஆரம்பித்து ஃப்ளோர் மேனேஜராக வெளியே வந்தேன். அந்தக் கேள்வி என்னையும் பல வருஷம் தூங்கவிடாமல் செய்தது. அதனால் இந்த முறை மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 29. பேரணாம்பட்டுப் பக்கம் கிராமம். ஷூ கம்பெனியில் ஏழு வருஷம் ஸ்டிச்சிங்கில் மெஷின் ஓட்டினேன். மூன்று மாதத்துக்கு முன்னால் லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என் லைனில் 34 பேர். ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்து, ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள். இப்போது ஒரு தையலைப் பிரிக்கச் சொன்னால், 'இன்னாடி, நேத்து வரைக்கும் எங்ககூட குந்தினு இருந்தவதானே' என்கிறார்கள். விட்டுக்கொடுத்தால் டார்கெட் விழுகிறது, மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். அவர்களுக்குப் பிடித்தவளாகவும் இருந்து, வேலையும் வாங்க முடியுமா? – பெயர் வேண்டாம், ஆம்பூர்

பதில்: தங்கச்சி, உன்னை 'நீ' என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் 1997-இல் இருந்த என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. உன் கேள்விக்கு, முடியும் என்பதுதான் என் பதில். அது எப்படி என்று எனக்குப் புரிந்த நாளைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1991-இல். அப்போது நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் என்று பெயர். 2019-இல் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. என் வாயில் இன்னும் வட ஆற்காடுதான் வருகிறது. சேர்ந்தது டேபிள் வேலையில். ஸ்கைவிங்கில் ஓரம் சீவி வந்த துண்டுக்குப் பசை தடவி, மடித்து, குட்டிச் சுத்தியலால் தட்ட வேண்டும். நாள் முழுக்க அதே. ஆறு வருஷம் கழித்து சூப்பர்வைசர் ஆனேன். உன்னை மாதிரியே தோழிகள் முகம் சுளித்தார்கள். நான் எடுத்த முடிவு வேறு. பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன, பயம் இருந்தால் போதும் என்று நினைத்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டால் லைன் அடங்கும். அதைப் பெருமையாக வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பெண்கள் ஷூ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கத் துண்டு 39, பக்கத் துண்டு 38 என்று ஒரு கட்டு கலந்து வந்துவிட்டது. ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் நீளத்தில் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான். துண்டு துண்டாகப் பார்க்கும்போது அதைவிடவும் குறைவு. தோலோ இழுத்தால் கொடுக்கும் பொருள். கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையல் சேர்ந்துவிடும், வெளியே தெரியாது. கால் அச்சில் ஏற்றி இழுக்கும்போதுதான் பல்லை இளிக்கும். மாலை மூன்றரை மணிக்கு, அப்படி அச்சில் ஏற்றும் லாஸ்டிங் பிரிவிலிருந்து ஆள் வந்தான். அதற்குள் 210 ஜோடி தைத்து முடிந்திருந்தது.

நான் கத்தினேன். அந்த மெஷினில் இருந்தது மாதனூர் பக்கத்துச் சின்னப் பெண், பத்தொன்பது வயது இருக்கும். அழவில்லை. தலையைக் குனிந்து மெஷின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு கட்டிங் மாஸ்டர் இறங்கி வந்தார். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். ஒரு ஜோடியை எடுத்தார், மடக்கினார், சைஸுக்காக ஓரத்தில் போடும் குட்டி வெட்டுக்குறியை நகத்தால் தடவிப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை மணிக்கும்மா தெரிஞ்சது?"

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "பத்து மணிக்கு, பாய். இழுத்துப் பிடிச்சாத்தான் சேந்துச்சு."

பாய் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "பத்துலேர்ந்து மூணரை வரைக்கும் அந்தப் பொண்ணு உனக்குப் பயந்துனு தச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை. பயந்த லைன் வேகமாக ஓடும், நிஜம். ஆனால் தப்பும் அதே வேகத்தில் ஓடும், நிறுத்தச் சொல்ல ஒரு வாய் இருக்காது.

பாயை எல்லோருக்கும் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. வயிற்றுப் பக்கத் தோலில் முன்பக்கத் துண்டை வெட்டினால் விடவே மாட்டார். முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுக்கும். இரண்டு கையாலும் தோலைப் பிடித்து, "இங்க பாரு, எப்படிப் போவுது" என்று வெட்டியவன் கண் முன்னால் இழுத்துக் காட்டுவார். துண்டைத் தூக்கிப் போடுவார், ஆளை ஒரு சொல் சொல்ல மாட்டார். இன்னொன்று கவனித்தேன். உண்ணிக் கடியும் கீறலும் நிறைந்த மட்டத் தோல் லாட்டு வரும். அதில் வெட்டினால் யாருக்கும் கணக்கு வராது. மற்ற இடங்களில் அது புதுப் பையன் தலையில் விழும். பாய் ஒரு பழைய நோட்டில் முறை எழுதி வைத்திருந்தார். போன முறை யார் மட்டத் தோல் வெட்டினானோ, இந்த முறை அவனுக்கு நல்லது. அவருடைய சொந்தத் தம்பி மகனும் அங்கே வெட்டினான். அவன் பெயரும் முறை மாறாமல் அந்த நோட்டில் இருந்தது.

ஷூவை வாங்கும் பையர் கம்பெனி ஆட்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் நாளில் பாய் முன்னால் நிற்பார். "இது எங்க கட்டிங்கில் நடந்தது" என்பார், வெட்டினவன் பெயர் வராது. அதனால்தான் அவர் ஆட்கள் கத்தியை வைக்கும் முன்னாலேயே ஓடி வந்து, "பாய், இந்தத் தோல் சரியில்ல" என்பார்கள். ஒரு மேலாளரை ஆட்களுக்குப் பிடிப்பதால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று கேட்டால், நான் காட்டுவது இதைத்தான். கெட்ட செய்தி பத்து மணிக்கே வந்துவிடும்.

உனக்கு இப்போது செய்ய வேண்டியது. காலையில் லைனைச் சுற்றும்போது 'எத்தனை ஆச்சு' என்று ஆரம்பிக்காதே. 'இன்னிக்கு எது இழுக்குது, எங்க சிக்குது' என்று கேள். முதல் வாரம் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கேட்டுக்கொண்டே இரு. முதன்முதலாக ஒருத்தி தன் தப்பைத் தானே வந்து சொல்கிற நாள் முக்கியம். மற்ற 33 பேரும் மெஷினை ஓட்டிக்கொண்டே உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு உன் புருவம் ஏறினால், அடுத்த தப்பு லாஸ்டிங்கில்தான் தெரியும். எனக்கு அந்த நாள் வர ஐந்து மாதம் ஆனது. வந்தவள் அதே மாதனூர்ப் பெண். அந்தத் தப்பு பன்னிரண்டு ஜோடியோடு நின்றது.

ஓவர்டைம் யாருக்கு என்பதை முறை போட்டு எழுதிச் சுவரில் ஒட்டு. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. அது ஒரு வீட்டின் பள்ளிக்கூட ஃபீஸ். அதைத் தோழிகளுக்குக் கொடுத்தாய் என்று ஒரு பேச்சு வந்தால் நீ எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எடுபடாது. லைன் ஆட்களோடு சீட்டு கட்டாதே, கைமாற்று வாங்காதே, கொடுக்கவும் கொடுக்காதே. சாப்பாட்டுக்கு அதே மூன்று பேரோடு தினமும் உட்காராதே, இடம் மாறி உட்கார். பஸ்ஸில் மட்டும் பழைய மாதிரியே இரு, அங்கே நீ சூப்பர்வைசர் இல்லை.

தையலைப் பிரிக்கச் சொல்வதில் மட்டும் பின்வாங்காதே. 'குந்தினு இருந்தவதானே' என்றால், 'ஆமாக்கா, குந்தினு இருந்ததாலதான் இந்தத் தையல் நிக்காதுன்னு தெரியுது' என்று சொல். சிரித்துக்கொண்டே சொல், ஆனால் பிரிக்க வை. மேனேஜர் கத்தும்போது 'அவள்தான் சார்' என்று கை காட்டாமல் நின்றுவிடு. அது ஒரு தடவை நடந்தால் போதும், உன் லைன் உன்னை வேறு மாதிரிப் பார்க்கும். மனசு வலிக்கும் நாள் இருக்கும். ஒன்றிரண்டு தோழிகள் திரும்ப வரவே மாட்டார்கள். எனக்கும் ஒருத்தி வரவில்லை. இன்றைக்கும் ஆம்பூர் பஜாரில் பார்த்தால் இருவரும் தலையை மட்டும் அசைத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், 16 பேர் வேலை. மாதம் ஒருநாள் எல்லோருக்கும் பிரியாணி, பிறந்தநாளுக்குக் கேக் என்று செய்கிறேன். ஆனாலும் ஆட்கள் நிற்பதில்லை. இன்னும் என்ன செய்தால் முதலாளி என்று பாசமாக இருப்பார்கள்? – குடியாத்தம்

பதில்: அண்ணே, பிரியாணி நல்ல விஷயம், நிறுத்த வேண்டாம். சம்பளம் எந்தத் தேதியில் போடுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஏழாம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது சட்டம். பன்னிரண்டாம் தேதி சம்பளமும் பதினைந்தாம் தேதி கேக்கும் என்றால் கேக் கசக்கும். அடுத்து, நின்றபடியே துணி எடுத்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் இருக்கிறதா? கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது. கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் அவர்கள் உட்கார்ந்தால் கல்லாவிலிருந்து ஒரு பார்வை பார்ப்பீர்களே, அதை நிறுத்துங்கள். மூன்று மாதம் கழித்து எழுதுங்கள்.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு இன்சார்ஜ் நர்ஸாக இருக்கிறேன். ஜூனியர்களிடம் நான் கடுமை. ஒரு மருந்து மாறினால் உயிர் போகும் வேலை இது. 'சிஸ்டர் கொஞ்சம் அன்பா பேசினா என்ன' என்று பின்னால் பேசுகிறார்களாம். எனக்கு நல்ல பெயர் வேண்டாம், நோயாளிக்குப் பாதுகாப்புதான் வேண்டும். என் வார்டில் தவறு அறிக்கை மற்ற வார்டுகளைவிடக் குறைவு. நான் மாற வேண்டுமா? – வேலூர்

பதில்: சிஸ்டர், நோயாளிதான் முக்கியம் என்ற உங்கள் மனசுக்கு முதலில் வணக்கம். வேலூரில் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியில் வேலை, மீதிப் பேருக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பி வேலை. உங்கள் கேள்வி இந்த ஊரின் கேள்வி.

ஆனால் அந்தக் கடைசி வரி என்னை உறுத்துகிறது. தவறு அறிக்கை குறைவு என்றால் தவறு குறைவு என்று அர்த்தமா? அமெரிக்காவில் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் இதையேதான் பார்த்தார். நல்ல குழுவாக வேலை செய்யும் வார்டுகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று நினைத்துக் கணக்கெடுத்தார். தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான தவறு அதிகம். குழம்பிப்போய் மேலும் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. அந்த வார்டுகளில் இன்சார்ஜிடம் தவறைச் சொல்லப் பயம் இல்லை, அதனால் சொன்னார்கள், அதனால் பதிவானது. மற்ற வார்டுகளில் தவறு நடந்தும் ஏட்டில் ஏறவில்லை. 1996-இல் இதை வெளியிட்டார். பிற்பாடு ஹார்வர்டிலேயே பேராசிரியராகி, வேலையிடத்தில் பயமில்லாமல் வாய் திறப்பது பற்றியே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

எனக்கு இதைப் படித்தபோது அந்த 210 ஜோடி ஞாபகம் வந்தது. ஷூவைப் பிரித்துத் தைத்துவிடலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லையே.

உங்கள் கடுமையை விடச் சொல்லவில்லை. மருந்தின் பெயர், அளவு, நோயாளியின் பெயர், கையில் கட்டிய பட்டை, இரண்டு பேர் சரிபார்ப்பது, இதில் ஒரு இம்மியும் இளகாதீர்கள். இரவு ஷிஃப்டில் தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் தவறான ஊசியைக் கையில் எடுத்து, போடும் முன் கண்டுபிடித்து, விடிகாலை நான்கு மணிக்கு உங்களுக்கு ஃபோன் செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் என்ன? 'உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது' என்றால் அது அவள் செய்யும் கடைசி ஃபோன். 'போடலைதானே? நல்லவேளை கவனிச்சே. ரெண்டு மருந்தும் ஒரே தட்டுலயா இருந்தது?' என்று கேட்டால், காலையில் அந்தத் தட்டை மாற்றி வைக்கலாம். தப்பை அலசும் வேலை காலைக்கு இருக்கட்டும். அன்பாகப் பேசு என்று ஜூனியர்கள் கேட்பதும் இந்த முதல் சொல்லைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ராணிப்பேட்டையில் பாய்லர் பாகங்கள் செய்து கொடுக்கும் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்துகிறேன். 22 பேர். என்னை எல்லோருக்கும் பிடிக்கும், யாரையும் கடிந்து பேசியதில்லை. எட்டரைக்கு வர வேண்டியவர்கள் ஒன்பதே காலுக்கு வருகிறார்கள். இருபது வருஷமாக எட்டு இருபதுக்கே வந்த பெரிய வெல்டரும் போன மாதத்திலிருந்து லேட். அவரிடம் எப்படிக் கேட்பது? – ராணிப்பேட்டை

பதில்: சார், அந்தப் பெரியவர் சொல்லாமல் சொல்லிவிட்டார். இருபது வருஷம் நேரத்துக்கு வந்தவருக்கும் ஒன்பதே காலுக்கு வந்தவனுக்கும் உங்களிடம் ஒரே சிரிப்புதான் கிடைக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உங்களை எல்லோருக்கும் பிடிக்கும் என்கிறீர்கள். என்னுடைய கணிப்பு, நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு உங்களை இப்போது அவ்வளவாகப் பிடிக்காது. அவர்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள், சொல்லாமல் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

இதில் நேரத்தைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு இருக்கிறது. கடிந்து பேசியதே இல்லை என்கிறீர்களே, முகமூடி போடாமல் வெல்டிங் செய்கிறவனையும் சொன்னதில்லையா? ஆர்க் வெளிச்சத்தில் வெறும் கண்ணோடு நின்றால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி வீட்டில் கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி இருக்கும், தண்ணீராக ஊற்றும். அவன் மனசு கோணக்கூடாது என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டால், வலி அவன் கண்ணுக்கு. நல்லவர் என்ற பெயருக்கு அவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்? எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள். நல்ல மனசுள்ள முதலாளிகளின் ஷெட்டில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெரியவரிடம் தனியாக, டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். அவரைக் குறை சொல்லப் போகாதீர்கள். 'இத்தனை நாள் நீங்க நேரத்துக்கு வந்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துட்டேன், அது என் தப்பு' என்று ஆரம்பியுங்கள். மறுநாள் எட்டரைக்கு நீங்களே கேட்டில் நில்லுங்கள். சத்தம் போட வேண்டாம், ஒவ்வொருவர் வந்த நேரத்தையும் அவர் முன்னாலேயே எழுதுங்கள். மூன்றாவது நாள் லேட்டாக வருகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தெந்த நாள், எத்தனை நிமிஷம் என்று கணக்கைக் காட்டிப் பேசுங்கள். 'எப்பப் பாரு லேட்' என்று மொத்தமாகச் சொன்னால் சண்டை வரும். 'செவ்வாய் 40 நிமிஷம், புதன் 35' என்றால் அவரே காரணத்தைச் சொல்வார். சோளிங்கர் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு பஸ் நேரம்தான் பிரச்சினை என்றால், அவருக்கு ஒன்பது மணி என்று வெளிப்படையாக மாற்றி, மாலையில் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி செய்தால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

கேள்வி: கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எனக்கு முன்னால் இருந்த சாரும் கறார்தான், நானும் கறார்தான். அவரைத் 'திறமையான மனுஷன்' என்றவர்கள் என்னைத் 'திமிர் பிடித்தவள்' என்கிறார்கள். – காட்பாடி

பதில்: நீங்கள் கற்பனை செய்யவில்லை, மேடம். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் ஹெய்டி என்ற பெண் தொழிலதிபர் எப்படி முன்னேறினார் என்ற பாடத்தை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மட்டும் பெயரை ஹோவர்டு என்று ஆண் பெயராக மாற்றிக் கொடுத்தார் பேராசிரியர். வேறு எதையும் மாற்றவில்லை. திறமைசாலி என்று இருவருக்கும் ஒரே மதிப்பெண். ஆனால் ஹோவர்டு என்று படித்தவர்கள் அவரோடு வேலை செய்யப் பிடிக்கும் என்றார்கள், ஹெய்டி என்று படித்தவர்கள் அவர் சுயநலக்காரி என்றார்கள். கடல் கடந்த ஊரிலும் இதே கதை.

அதற்காக அதிகமாகச் சிரிக்க ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் செய்து பார்த்தேன், 'வேலை ஆகணும்னா இளிக்குது' என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. எனக்குக் கை கொடுத்தது ஒன்றுதான். விதியை முதலில் எழுதி ஒட்டிவிடுவேன், அப்புறம் எல்லோருக்கும் அதையே செய்வேன். விடுப்பு விண்ணப்பம் இத்தனை நாளுக்கு முன் தர வேண்டும் என்று பலகையில் இருந்தால், மறுப்பது பலகைதான், நீங்கள் இல்லை. முதல்வருக்கு வேண்டியவர் ஒருவருக்கும் அதே பதிலை நீங்கள் சொல்வதை ஆபீஸ் ஒருநாள் பார்க்கட்டும். திமிர் என்ற சொல் அதோடு முழுதாகப் போய்விடாது. குறையும், அதற்கு நான் பொறுப்பு.

கேள்வி: எங்கள் மேனேஜர் நல்லவர். 'என் ரூம் கதவு எப்பவும் திறந்தே இருக்கும், எதுவா இருந்தாலும் வந்து சொல்லுங்க' என்பார். நிஜமாகவே திறந்துதான் இருக்கிறது. ஆனால் யாரும் உள்ளே போவதில்லை. நானும் போவதில்லை. ஏன் என்றே தெரியவில்லை. – வேலூர்

பதில்: தம்பி, நீங்கள் நம் வேலூர்க் கோட்டைக்குப் போயிருப்பீர்கள். அகழியைப் பார்த்துக்கொண்டு உட்காரும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே 1806 ஜூலை 10-ஆம் தேதி நடந்தது நமக்கு வீரர்களின் எழுச்சி, என் மனசு அவர்கள் பக்கம்தான். ஆனால் வெள்ளைக்கார நிர்வாகத்தின் காது எப்படி இருந்தது என்று மட்டும் பாருங்கள். புதுத் தலைப்பாகை போடு, நெற்றிக் குறியை அழி, தாடியை மழி என்று மதராஸ் படைத் தளபதி கிராடக் உத்தரவு போட்டார். மே மாதமே சிப்பாய்கள் மறுத்தார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், தன் அதிகாரி ஃபோர்ப்ஸிடம் போய் உள்ளே என்ன தயாராகிறது என்று சொன்னார். விசாரித்தவர்கள் அவருக்குப் புத்தி சரியில்லை என்றார்கள். சொன்னவரையே பிடித்து அடைத்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கோட்டையில் எந்தச் சிப்பாய் போய் எந்த அதிகாரியிடம் என்ன சொல்லப் போகிறான்?

உங்கள் மேனேஜரின் அறைக்குள் முதலில் போன ஆளுக்கு என்ன ஆனது என்று பழைய ஆட்களிடம் விசாரியுங்கள். பெரிதாக ஒன்றும் நடந்திருக்க வேண்டியதில்லை. 'சரி, பார்க்கலாம்' என்று சொல்லி அப்படியே விட்டிருப்பார். இல்லாவிட்டால், 'இன்னார் வந்து சொன்னார்' என்று மீட்டிங்கில் நல்லெண்ணத்தோடுதான் பெயரைச் சொல்லியிருப்பார். வாசல்படியில் இருக்கும் கால்தடம் அது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் அழியாது. பிடித்த மனிதராகவே இருந்தாலும், சொன்னதற்கு ஏதாவது நடந்தால்தான் இரண்டாவது ஆள் போவான்.

அவர் நல்லவர் என்கிறீர்கள், அதனால் ஒரு வேலை சொல்கிறேன். இந்த வாரம் ஒரு சின்ன விஷயத்தோடு நீங்களே உள்ளே போங்கள். யாரையும் பாதிக்காத விஷயம்: பிரிண்டர் சிக்குகிறது, தண்ணீர் கேன் வெள்ளிக்கிழமையானால் தீர்ந்துவிடுகிறது, இந்த மாதிரி. சொல்லிவிட்டு, 'எப்ப சார் சரியாகும்?' என்று நாளைக் கேட்டு வாங்குங்கள். சரியானதும் போய் நன்றி சொல்லுங்கள், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். அப்புறம் உங்கள் பக்கத்துச் சீட்டுக்காரர், இத்தனை நாள் மனசில் வைத்திருக்கும் பெரிய விஷயத்தோடு எழுந்து போகிறாரா என்று பாருங்கள். போனால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், அது அவருக்கு எப்போது தெரிந்தது, எப்போது போய்ச் சொன்னார் என்ற இரண்டு தேதியோடு.